மிஞ்சிய வாக்கியம்

ஒரு வாக்கியத்தை நான் மறைத்தேன்.

அதனால் ஒரு மனிதன் கடலை இழந்தான்.

பாருங்கள்... இரண்டாம் வரியிலேயே 'அதனால்' வந்து உட்கார்ந்துவிட்டது! அடித்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அடித்தால் இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை போல நிற்கின்றன. விட்டுவைத்தால், எனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறேன். எது சிறிய பொய்? எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

என்னை நம்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதையும் நீங்கள் நம்பவேண்டியிருக்கிறதே!

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெருவில் எனக்கு மளிகைக் கடை. என் அப்பா தென்கோடியிலிருந்து வந்து, டோல்கேட்டில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கி, பிறகு இந்தக் கடையைப் பிடித்தார். மீனவக் குப்பத்து மக்களுக்கு அவரும் அண்ணாச்சி, நானும் அண்ணாச்சி. அரிசி மூட்டைகளுக்கு மேலே உள்ள தட்டு முழுக்கப் புத்தகங்கள். யாரும் கேட்காமலே இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதிவருகிறவன் நான். கடல் எந்த வீட்டை எந்த நாளில் எடுத்தது, அதைத் தடுக்க எந்த மாதத்தில் கல் கொட்டினார்கள், எந்த ஆலையின் சங்கு எந்தக் கிழமையோடு நின்றது... நாள் தெரியாமல் ஒரு வரியும் எழுதியதில்லை.

ஆனால் இந்தக் கதையில் ஒரு நாளைக்கூடச் சொல்லமாட்டேன். நாளும் கிழமையும் போட்டு எழுதினால் மனிதர்கள் எதையும் நம்பிவிடுவார்கள். அதைக் கண்கூடாகப் பார்த்தவன் நான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் சாவு நடந்தால் ஊர்க்கூட்டம் கூடும். கூடுவதற்கு முன், ஒருவர் எல்லோரிடமும் போய்க் கேட்டு, நடந்ததைத் தொகுத்து, கூட்டத்தின் நடுவில் நின்று சொல்லவேண்டும். அவருக்குப் படகு இருக்கக்கூடாது. எந்தப் பக்கத்திலும் உறவு இருக்கக்கூடாது. குப்பத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? எல்லோரும் எல்லோருக்கும் மாமன், மச்சான். எனவே கடைக்காரனான என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை. ஒளிப்பானேன்... மிகுந்த பெருமை!

இன்னொரு வழக்கமும் உண்டு. அது இதைவிடப் பழையது. நடுக்கடலில் துடுப்பில் துணியைக் கட்டித் தூக்கினால், அதைக் கண்ட படகு போகவேண்டும். போட்ட வலையை அறுத்துவிட்டாவது போகவேண்டும். கண்டும் போகாதவனுடைய படகுக்கு அதன் பிறகு கரையில் ஒருவரும் தோள் கொடுக்கமாட்டார்கள்.

தோள் கொடுக்காவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கரையில் மணல் இல்லை. கடல் தின்றுவிட்டது. பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கல்மேடுகளுக்கு நடுவே ஒரு சந்து. படகு அந்தச் சந்தில் ஏறும்போது இருபுறமும் ஆட்கள் ஓடிவந்து முட்டுக்கொடுத்து மேலே தள்ளவேண்டும். ஆட்கள் வராவிட்டால் அலை அந்தப் படகைக் கல்லில் அடிக்கும். அவ்வளவுதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நடந்ததையா? கேட்டதைச் சொல்கிறேன்.

பாலுவும் ஏழுமலையும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். பாலுவின் மனைவி வசந்தா, ஏழுமலையின் அக்கா. மூன்றாவது ஆள் பெரம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அன்றைக்கு இருவர் மட்டும் கிளம்பினார்கள். அந்தப் படகில் என்ஜினைப் பார்த்துக்கொள்வது ஏழுமலையின் பொறுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை... அல்லது, வைத்துக்கொண்டும் ஒதுக்கிவிட்டேன்.

மதியம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. மாலையில் வேறொரு படகு, கவிழ்ந்து மிதந்த படகைப் பற்றிக்கொண்டிருந்த ஏழுமலையைத் தூக்கிவந்தது. பாலு மறுநாள் எண்ணூர்ப் பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலை கட்டிலில் கிடந்தான். காய்ச்சல். உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது. அவன் சொன்னவை எந்த ஒழுங்கிலும் வரவில்லை.

"மாமா கைய வுட்டுட்டேன் அண்ணாச்சி..." என்பதுதான் முதலில் வந்தது. அப்புறம் "என்ஜினு நின்னுபோச்சு" என்றான். அப்புறம் தூங்கிவிட்டான். விழித்ததும், "தேசிங்கோட போட்டு கிட்டக்கதான் போச்சு. கூப்டா கேக்கும்" என்றான். "மழ புடிச்சிகிச்சு" என்றான். "சட்டைய அவுத்துத் துடுப்புல கட்னேன்" என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல,

"ஈரச் சட்ட... துடுப்போட ஒட்டிகிச்சு. பறக்கவே இல்ல."

அதுதான். அந்த வாக்கியம்தான்!

தேசிங்கு வேறொரு படகுக்காரன். என் வயதுதான் இருக்கும். அவனிடமும் கேட்டேன். பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமலே பேசினான்.

"கிட்டக்க வந்தேன், இல்லன்னு சொல்லல. அவுங்க போட்டு நின்னுகினு இருந்துச்சு. வல வுட்டுகினு கீறாங்கன்னு நெனச்சேன். துணிகிணி நான் பாக்கல அண்ணாச்சி. நான் திரும்பசொல்ல நல்ல வெயிலு."

அவனோடு போயிருந்த அவன் மச்சினன், வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்ததால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். கரையில் மீனை ஏலம் கூறும் கன்னியம்மாவும் தேசிங்கு வந்தபோது மழை இல்லை என்றாள். "மீன் கூடைலாம் காஞ்சிகினு இருந்துச்சு. மழ அப்பால வந்துச்சு."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தவை.

என் வேலைமுறையைச் சொல்லவேண்டும். தினம் கிழிக்கும் நாள்காட்டித் தாள்களை நான் எறிவதில்லை. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ஒரு வாக்கியம் மட்டும் எழுதுவேன். கடை மேசையில் பரப்பி, மின்விசிறிக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மீதும் ஒரு எடைக்கல்லை வைப்பேன். பிறகு நகர்த்துவேன். எது முன், எது பின்? முன்னதுக்கும் பின்னதுக்கும் நடுவே என்ன சொல் வரவேண்டும்? பொருந்தும்போது எனக்குள் ஒரு 'க்ளிக்' கேட்கும். பூட்டு விழுகிற சத்தம் போல. அந்தச் சத்தத்துக்காகவே நான் எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

அன்றும் நகர்த்தினேன். இப்படி வந்தது:

'என்ஜின் நின்றது. உடனே ஏழுமலை சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயர்த்தினான். அப்போது தேசிங்கின் படகு கூப்பிடு தூரத்தில் சென்றது. ஆனாலும் அது நிற்கவில்லை. பின்னர் மழை பிடித்தது. அதனால் படகு கவிழ்ந்தது. பாலுவின் கை நழுவியது.'

க்ளிக்!

உடனே, அப்போது, ஆனாலும், பின்னர், அதனால். இந்த ஐந்து சொற்களையும் யார் சொன்னார்கள்? ஏழுமலை சொன்னானா? கன்னியம்மா சொன்னாளா? யாரும் சொல்லவில்லை. ஐந்தும் என்னுடையவை. வெளியாள் ஒருவன், கால் நனையாமல், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்ட சொற்கள்.

மேசையில் ஒரு தாள் மிஞ்சியது. ஈரச் சட்டை. அதை எங்கே வைத்தாலும் இடித்தது. சட்டை ஏன் ஈரமானது? மழையால் என்றால், துணி கட்டியது மழைக்குப் பின். மழைக்கு முன்பே தேசிங்கு கரைக்கு வந்துவிட்டான். அப்படியானால் அவன் எதைப் பார்த்திருக்க முடியும்? அதாவது, தேசிங்கின் படகு போனது, பிறகு என்ஜினோ மழையோ, பிறகு துணி... அப்படி அடுக்கினால் எல்லாத் தாள்களும் பொருந்துகின்றன. ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அந்த வரிசையை நான் அன்றே அடுக்கிப் பார்த்தேனா?

பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். படித்தபோது சப்பென்றிருந்தது என்றும் நினைவிருக்கிறது. யாருமே தவறு செய்யாத ஒரு பத்தி. ஒருவன் போனான், மழை வந்தது, ஒருவன் செத்தான்... அவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனால் இந்த நினைவே பிற்பாடு வந்ததோ? குற்றம் உறுத்தத் தொடங்கிய பின் அடுக்கிப் பார்த்ததை, அன்றே செய்ததாக மனம் மாற்றி வைத்திருக்கிறதோ? முதலாவது உண்மையென்றால் நான் தெரிந்தே செய்தவன். இரண்டாவது என்றால் கவனமில்லாதவன். எதுவாக இருக்க ஆசைப்படுகிறேன் என்பதுகூட எனக்குப் புரியவில்லை.

ஒன்று நிச்சயம். கூட்டத்துக்கு முந்தின நாள் வசந்தா கடை வாசலில் வந்து நின்றாள். எதுவும் வாங்க வரவில்லை.

"எப்டி நடந்துச்சின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க அண்ணாச்சி. தலையும் புரில, காலும் புரில. நீயாவது வரிசையா சொல்லு. சும்மா போனாரு, சும்மா செத்தாருன்னு மட்டும் சொல்லிடாத."

"சொல்றேம்மா" என்றேன்.

அவள் வந்தது நான் அடுக்குவதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் அவள் மீது நான் பழி போட முடியாது. முன்பு என்றால்... பாருங்கள், மறுபடியும் வரிசையில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன்!

தேசிங்கின் மீது எனக்குப் பகை ஏதாவது இருந்ததா என்றும் தோண்டிப் பார்த்துவிட்டேன். இல்லை. என் கடையில்தான் சாமான் வாங்கினான். வெல்லத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி, இத்த எந்தக் காலத்துல காச்சினாங்க, அதையும் எழுதி வெச்சிக்கிறியா?" என்று கிண்டல் செய்வான். நானும் சிரிப்பேன். பகை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடச் சில நாள் தோன்றியதுண்டு. ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

கூட்டம் அம்மன் கோயிலுக்கு முன்னால் நடந்தது. நான் நடுவில் நின்று படித்தேன். 'ஆனாலும்' என்ற இடத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். எனக்கு... எப்படிச் சொல்வது? உடம்பு சிலிர்த்தது. என் எழுத்துக்கு அதுவரை யாரும் அப்படி மூச்சை இழுத்ததில்லை.

ஊர்த் தலைவர், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கூட்டிவரப்பட்டிருந்த ஏழுமலையிடம் கேட்டார். "அண்ணாச்சி சொன்னது சர்தானாடா?"

அவன் தலை நிமிராமல் ஆட்டினான்.

தேசிங்கு எழுந்து நின்றான். "யோவ், நான் பாக்கலயா! கடலம்மா மேல சத்தியமா பாக்கல!"

கூட்டத்தில் யாரோ, "கூப்டா கேக்குற தூரத்துல போயிக்கிற. கண்ணு இன்னா பொடனில இருந்துச்சா நைனா?" என்றான். சிலர் சிரித்தார்கள்.

தேசிங்கு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீ சொல்லு. வல வுட்டுகினு கீறாங்கன்னு நெனச்சேன்னு உன்னாண்ட சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க" என்றேன். "ஆனா அது நீங்க நெனச்சது. நடந்ததை மட்டும்தான் நான் தொகுப்பேன்."

இதைத்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் இதைத்தான்! என் சட்டைப்பையில் அப்போது, நடந்த ஒன்று, நான்காக மடித்துக் கிடந்தது. அதை வெளியே எடுத்து, "இன்னும் ஒரு வாக்கியம் இருக்கிறது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கை சட்டைப்பை வரை போனது. போனதா? போனது என்று நினைத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பு உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரமே தேசிங்கு தொழிலுக்குப் போனான். காலையில் திரும்பிவந்து சந்துக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான். கல்மேட்டில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் யாரும் எழவில்லை. அவனுடைய மனைவி மட்டும் புடவையை வரிந்துகொண்டு இறங்கினாள். அவளும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் தோள் வைத்தார்கள். அலை படகை ஒருமுறை தூக்கி, கல்லில் வைத்தது. ஃபைபர் படகு உடைகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? பெரிய சத்தம் இல்லை. காய்ந்த தேங்காய் மட்டையை மிதித்தது போல.

நான் அப்போது அங்கே நின்றிருந்தேன். ஓடிப்போய்த் தோள் கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் அந்த ஊர்க்கட்டு இல்லையே, நான் வெளியாள்தானே! கொடுக்கவில்லை. கடைக்குத் திரும்பி, அன்றைய நாளைப் போட்டு, 'தேசிங்கின் படகு கல்லில் மோதி உடைந்தது' என்று எழுதி வைத்தேன்.

அவன் என்ஜினை விற்றான். குடும்பத்தோடு எர்ணாவூரில் குடிசைமாற்று வாரியக் குடியிருப்புக்குப் போனான். கன்டெய்னர் நிறுத்துமிடம் ஒன்றில் காவலாள் வேலை என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு அப்போதெல்லாம் உறுத்தவில்லை. இதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

உறுத்தத் தொடங்கியது என் மகளால். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மாலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கலைந்து கிடக்கும் வாக்கியங்களை முறைப்படுத்தி, இணைப்புச் சொற்களைச் சேர்த்துப் பத்தியாக்க வேண்டும். யாரோ ஒருவன் ஊருக்குப் போகப் பேருந்தைத் தவறவிடுகிற கதை.

"நகரு" என்று வாங்கி, ஒரே மூச்சில் அடுக்கிக் கொடுத்தேன்.

அவள் விரலால் எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு மிஞ்சுதுப்பா."

"அது பரவாயில்ல. அது இல்லாமலே நல்லாத்தான வருது? விட்டுரு."

"ஐயோ அப்பா!" என்று சிரித்தாள். "மிஞ்சுச்சுன்னா வரிசையே தப்புன்னு அர்த்தம். மிஸ் முதல் நாளே சொல்லிட்டாங்க. இது உங்களுக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவளே முதலிலிருந்து எழுதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் பத்து ரூபாய்க்குக் கடுகு கேட்டார். நான் மிளகு கொடுத்தேனாம். திருப்பிக் கொண்டுவந்தார்.

அன்று தொடங்கியது. சரி, தேடிப்போய்க் கேட்டுவிட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். இருப்பது ஒரே சாட்சி. ஏழுமலை.

டீத்தூள் வாங்க வந்தவனை நிறுத்தினேன். அவன் இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான். "ஏழுமலை, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஈரச் சட்டைன்னு சொன்ன. நெனப்பிருக்கா?"

"ஈரமா?" என்றான். உண்மையாகவே புரியாத முகம். "காஞ்ச சட்ட அண்ணாச்சி. துடுப்புல கட்டித் தூக்கினேனா, கொடி மாதிரி பறந்துச்சு. அந்த தேசிங்கு பாத்துகினே போனான்."

"பறக்கவே இல்லைன்னு சொன்னியே..."

"யாரு, நானா?" சிரித்தான். "காச்சல்ல எதுனா ஒளறி இருப்பேன். நீதான அண்ணாச்சி கூட்டத்துல சொன்ன, கொடி மாதிரி பறந்துச்சுன்னு?"

நான் சொல்லவில்லை! 'உயர்த்தினான்' என்றுதான் எழுதினேன். கொடி என்ற சொல்லே என்னுடையது இல்லை... இல்லையா? கூட்டத்தில் படிக்கும்போது, அந்த மூச்சுச் சத்தத்துக்குப் பிறகு, தாளில் இல்லாத எதையாவது சேர்த்தேனா? எனக்கு நினைவில்லை. நாள், கிழமை, திதி வரை நினைவில் வைத்திருக்கிறவனுக்கு இது நினைவில்லை!

ஏழுமலை பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவன் கண்ணால் பார்த்ததை என் பத்தி அழித்துவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது. கரையில் யாரைக் கேட்டாலும் இப்போது அதே வரிசைதான். உடனே... அப்போது... ஆனாலும்... குழந்தைகள்கூட அப்படியே சொல்கின்றன.

சரி, சட்டை ஈரமாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மழையால்தான் நனைந்தது என்று யார் சொன்னது? வலை இழுக்கிறவன் சட்டை விடிந்ததிலிருந்தே ஈரமாகத்தானே இருக்கும்? வியர்வை, கடல்நீர்... அப்படியானால் என் முதல் வரிசையே சரியாகவும் இருக்கலாம். அப்போது தேசிங்கு பார்த்திருக்கலாம். ஆனால் ஒட்டிக்கொண்டு பறக்காத துணியைத் தூரத்திலிருந்து பார்க்க முடியுமா? நான் இன்றுவரை எத்தனை விதமாக அடுக்கிவிட்டேன் தெரியுமா! ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு இடத்தில் பூட்டு விழுகிறது. எந்தப் பூட்டையும் இப்போது நம்ப முடியவில்லை.

கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் வசந்தாவிடம் சொல்வதுதான் முறை என்று அவள் வீட்டுக்குப் போனேன். கருவாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்த தாளையும் காட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"தேசிங்கு பாக்கலன்னு வெச்சிக்கோ. அப்போ மிச்சம் இன்னா கீது?"

நீட்டிய தாளை மடித்துக்கொண்டேன்.

"என்ஜினு கீது. என் தம்பி கீறான். அத்தப் பாக்குறது அவன் வேலதான? நாள பின்ன ஊரு அவனக் கேக்கும். புருஷனும் போயி, தம்பியும் போவணுமா எனக்கு?" சற்று நிறுத்தி, "நல்லாத்தான சொன்ன அன்னிக்கு? இன்னாத்துக்கு இப்போ வந்து கலைக்கிற? போ அண்ணாச்சி. போயி கடயப் பாரு" என்றாள்.

வந்துவிட்டேன்.

அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமா? தெரிந்துதான் அன்று கடை வாசலில் வந்து நின்றாளா? ஏழுமலை தலையை ஆட்டியது என்ஜினை நினைத்தா? இப்படியெல்லாம் நினைக்கத் தொடங்கினால் பழி மெல்ல மெல்ல என்னிடமிருந்து நகர்ந்து, அந்த இரண்டு பேர் மீது போய் உட்காருகிறது. பார்த்தீர்களா? எனக்கு எவ்வளவு எளிதாக வருகிறது!

கடைசியாக எர்ணாவூருக்குப் போனேன். கிழமை வேண்டாம். பகல்நேரம். கன்டெய்னர் லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள், நாற்காலியில் தேசிங்கு. நீலச் சீருடை. மீசை வெளுத்திருந்தது.

என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான். "வா அண்ணாச்சி! இன்னா, எர்ணாவூரு வரலாறும் எழுதப் போறியா?" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினான். நான் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னேன். தாள்கள், எடைக்கற்கள், மிஞ்சிய வாக்கியம், சட்டைப்பை. எதையும் முன்பின் மாற்றாமல் சொல்ல முயன்றேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்...

அவன் நாற்காலியைத் திரும்ப இழுத்து உட்கார்ந்தான். பிறகு, "ஈரமா இருந்துச்சாமா?" என்று கேட்டான். யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிக் கேட்பது போல.

"அப்படித்தான் அன்னைக்குச் சொன்னான்."

"வெள்ளச் சட்டதான?"

எனக்குத் தெரியவில்லை. சட்டை என்ன நிறம் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை!

"வெள்ள" என்றான் தேசிங்கு, தனக்குத்தானே. "மொதல்ல நான் பாக்கலன்னு நல்லா தெரிஞ்சிது அண்ணாச்சி. ஊரே சொல்லசொல்லயும் தெரிஞ்சிது. என் பொஞ்சாதி ஒரு நாளு கேட்டா, நெஜமாவே பாக்கலியா நீன்னு. அப்பவும் தெரிஞ்சிது. இப்போ இங்க குந்திகினு கண்ண மூடறனா... துணி தெரிது. துடுப்பு மேல. வெள்ளயா. பறக்குது. பாலு கையி ஆட்றான்."

"அது நீங்க பார்த்தது இல்ல. நான் எழுதினது."

"அப்டியா?" என்றான். குரலில் கோபம் இல்லை. ஆவலோடு கேட்டான். "அப்போ நான் பாக்கலியா?"

சொல்லியிருக்கவேண்டும். பாக்கல, நீங்க பாக்கல என்று அடித்துச் சொல்லியிருக்கவேண்டும். அதற்காகத்தானே போனேன்! அவனுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு சொல்தான். ஆனால் மறுபடியும், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வதா?

"தெரியல தேசிங்கு" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"தெரியலியா? அப்போ அன்னிக்கு எப்டி அண்ணாச்சி தெரிஞ்சிது?"

ஒரு லாரி ஒலிப்பானை அழுத்தியது. அவன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனான். அந்த இரும்புக் கேட் ஒற்றை ஆளுக்குக் கனம். சக்கரம் மண்ணில் புதைந்திருந்தது. தோளை வைத்து, காலை ஊன்றித் தள்ளினான். அரை அடி நகர்ந்தது. மறுபடி தள்ளினான்.

நான் போய் அவன் பக்கத்தில் நின்று தோளை வைத்தேன்.

"வுடு அண்ணாச்சி" என்றான், என்னைப் பார்க்காமலே. "நானே தள்ளிக்கிறேன்."

தோளை எடுத்துவிட்டேன்.